காட்டுப் பெர்ரியைக் கடைசி நாளில் பறியுங்கள்

ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, அபிஸ்கோ என்ற சிற்றூரில் தொடங்குகிறது குங்ஸ்லேடன் நடைபாதை. பெயருக்கு ராஜபாட்டை என்று பொருள். தெற்கே ஹேமவான் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் நீளும். முழுவதையும் நடப்பவர்கள் குறைவு. பெரும்பாலானோர் அபிஸ்கோவிலிருந்து சிங்கி குடில் வரை வந்து, அங்கே கிழக்கே திரும்பி, கெப்னெகைசே மலைவிடுதியைத் தாண்டி நிக்கலுவொக்தாவில் இறங்கிவிடுவார்கள். சுமார் 105 கிலோமீட்டர், ஆறேழு நாள்.

ஆகஸ்டில் போனால் அபிஸ்கோ ரயில் நிலையத்தை விட்டு ஒரு மணி நேரம் நடப்பதற்குள் காலடியில் நீலப் பழம் தெரியும். புதிதாக வருபவர்கள் அங்கேயே குனிந்துவிடுவார்கள், ஒரு டப்பா நிறையப் பறித்துக்கொண்டுதான் நிமிர்வார்கள். பறிக்கக் கூடாத நாள் அதுதான்.

முதல் நாள் முதுகுப்பை அதிகக் கனமாக இருக்கும். கூடாரம், தூங்கும் பை, அடுப்பு எல்லாம் ஒன்பது பத்து கிலோ. நாளுக்கு 750 கிராம் உலர் உணவு என்று ஏழு நாளைக்கு எடுத்தால் இன்னும் ஐந்து கிலோவுக்கு மேல். பதினைந்து கிலோவைச் சுமந்துகொண்டு நூறு முறை குனிந்து நிமிர்ந்தால் மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதோடு முதல் 15 கிலோமீட்டர் அபிஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் போகிறது. 1909-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா. பெர்ரி பறிக்கத் தடையில்லை, ஆனால் கூடாரத்தைக் குறித்த இடங்களில்தான் போடலாம். நேரமாகிவிட்டது, இங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இவ்வளவு பாடுபட்டுப் பறித்த பழமோ மறுநாள் மதியத்துக்குள் கூழாகிவிடும்.

நடுநாட்களிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அலெஸ்யவ்ரே குடிலை நெருங்கும்போதே மரங்கள் பின்தங்கிவிடும். ட்யெக்ட்யா கணவாய் 1,100 மீட்டருக்கு மேல், அங்கே கல்லும் பனித்திட்டும்தான். பழம் மறுபடி தாராளமாகக் கிடைப்பது கடைசி நாளில், கெப்னெகைசே விடுதியிலிருந்து நிக்கலுவொக்தாவுக்கு இறங்கும் 19 கிலோமீட்டரில். பை பத்து கிலோவாக இளைத்திருக்கும், பாதை பிர்ச் மரக் காட்டுக்குள் இறங்கும், பறித்தது அன்றே ஊர் போய்ச் சேரும். இந்தக் கட்டுரை அந்த ஒரு நாளைப் பற்றியது.

முதலில் ஒரு கணக்கு. பெர்ரியை நம்பி உணவைக் குறைத்து எடுத்துப் போகிறவர்கள் உண்டு. நீலப் பெர்ரி 100 கிராமில் ஏறக்குறைய 50 கலோரிதான். ஒரு லிட்டர் டப்பா நிறைய என்றால் 600 கிராம், அதாவது 300 கலோரி. கையால் அதைப் பறிக்க நல்ல இடத்திலேயே முக்கால் மணி நேரமாவது ஆகும். 100 கிராம் சாக்லேட் 500 கலோரிக்கு மேல் தரும், பிரிக்க ஐந்து விநாடி போதும். பை சுமந்து நடப்பவருக்கு நாளுக்கு 3,000 கலோரிக்குக் குறையாமல் வேண்டும். ஆகவே பெர்ரி சோறு ஆகாது, தொடுகறி ஆகும். ஆறு நாள் ஓட்ஸும் உருளைக்கிழங்குப் பொடியும் தின்று மரத்துப்போன நாக்குக்குப் புளிப்பு காட்ட அதைவிடச் சிறந்தது எதுவும் அந்த மலையில் இல்லை.

எந்த வாரம் போவது? ஆகஸ்ட் கடைசி வாரம் நல்லது. நீலப் பெர்ரி நன்றாகப் பழுத்திருக்கும், லிங்கொன் என்ற சிவப்புப் பெர்ரி சிவக்கத் தொடங்கியிருக்கும், சதுப்பு ஓரங்களில் யூர்ட்ரோன் என்ற பொன்னிறப் பெர்ரி கடைசியாக ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும். கொசுத்தொல்லையும் பெரிதும் அடங்கியிருக்கும். யூர்ட்ரோன்தான் வேண்டுமென்றால் ஆகஸ்ட் முதல் பாதியில் போக வேண்டும், அதற்கு விலையாகக் கொசுவுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். லிங்கொனுக்கு செப்டம்பர். ஜூனில் பூக்கும் சமயம் உறைபனி விழுந்தால் அந்த ஆண்டு எதுவுமே சரியாகக் காய்க்காது. அதனால் போன ஆண்டு யாரோ சொன்ன இடத்தை நம்பிப் போவதில் பயனில்லை.

அன்றைய நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். நிக்கலுவொக்தாவிலிருந்து கிருணா நகருக்குப் பேருந்து ஒரு நாளில் சில தடவைதான். அதைத் தவறவிட்டால் கிருணாவில் பிடிக்க வேண்டிய ரயிலும் தவறிப்போகும். மாலைப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முந்தைய நாளே விடுதியில் கேட்டுக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக இறங்கும்படி வையுங்கள். 19 கிலோமீட்டர் நடக்க ஆறு மணி நேரம். சாப்பாடு, சிறு ஓய்வு சேர்த்து ஒரு மணி. பறிக்க ஒன்றே முக்கால் மணி. காலை ஏழுக்குக் கிளம்பினால் நாலு மணிக்குள் இறங்கிவிடலாம்.

விடுதியிலிருந்து லாட்யோயவ்ரே ஏரி வரை ஏழெட்டு கிலோமீட்டர். அதுவரை வாயில் போடுவதற்கு மட்டும் பறியுங்கள், டப்பாவைத் திறக்காதீர்கள். ஏரிக்கரையில் மதியச் சாப்பாட்டோடு அரை மணி பறிக்கலாம். ஏரி தாண்டியதும் கடைசி ஐந்தாறு கிலோமீட்டர் காட்டுப்பாதை. முக்கியமான பறிப்பு அங்கேதான். பேருந்துக்கு இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பது அங்கே துல்லியமாகத் தெரிந்துவிடும், மிச்சமிருக்கும் நேரம் முழுவதையும் கவலையில்லாமல் பழத்துக்குக் கொடுக்கலாம். பழமும் முதுகில் குறைந்த நேரமே குலுங்கும். ஏரியில் படகு ஓடுகிறது, ஏறினால் ஐந்தாறு கிலோமீட்டர் மிச்சம். கால் வலிக்கிறவர்கள் அந்தக் காசைக் கொடுத்துப் பறிக்கும் நேரத்தை வாங்கிக்கொள்ளலாம். படகுத்துறையில் லாப்டோனால்ட்ஸ் என்று குறும்பாகப் பெயர் வைத்த கடையில் கலைமான் இறைச்சி பர்கர் விற்கிறார்கள். அங்கே வரிசையில் நிற்பதற்கும் கணக்கில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

எது எது என்று தெரிந்துகொள்வது

ப்லோபேர் என்று ஸ்வீடன்காரர்கள் சொல்லும் நீலப் பெர்ரி கடையில் பெட்டியில் விற்கும் ப்ளூபெர்ரி அல்ல. கடைப்பழத்தின் உள்சதை வெளிறியிருக்கும். இது உள்ளேயும் கருஞ்சிவப்பு, தின்றால் நாவல் பழம் தின்றதுபோல நாக்கும் பல்லும் நீலமாகும். முழங்காலுக்குக் கீழ் உயரமுள்ள செடி, பச்சைத் தண்டு, விரலால் உருட்டினால் பட்டை பட்டையாகத் தட்டுப்படும். பழம் கொத்தாக இருக்காது, இலைக்கணுவில் ஒன்று ஒன்றாகத் தொங்கும். இலையை ஒதுக்கிக் கீழிருந்து மேலே பார்த்தால்தான் கண்ணில் படும். நின்றுகொண்டு தேடுகிறவர் ஒன்றுமில்லை என்று போன இடத்தில், உட்கார்ந்து தேடுகிறவர் ஒரு டப்பா நிரப்புவார்.

அதற்குப் பக்கத்திலேயே ஈரமான இடத்தில் வளர்வது ஊடோன். பார்க்க அதே நீலம். ஆனால் இலை நீலம் கலந்த மங்கிய பச்சை, தண்டு பழுப்பு, நசுக்கினால் சாறு நிறமற்று இருக்கும். நஞ்சில்லை, சப்பென்றிருக்கும். நிறையத் தின்றால் தலை வலிக்கும் என்ற பேச்சு அந்தப் பக்கம் உண்டு. டப்பாவில் கலந்தால் சுவை நீர்த்துப்போகும் என்பதே அதை ஒதுக்கப் போதுமான காரணம். சந்தேகம் வந்தால் ஒரு பழத்தை விரலில் நசுக்கிப் பாருங்கள், விரலில் கறை பிடித்தால் டப்பாவுக்குப் போகட்டும்.

கருப்பாக, பளபளவென்று, ஊசி ஊசியான இலைகளுக்கு நடுவே இருப்பது க்ரோக்பேர், காக்கைப் பெர்ரி. தண்ணீரும் கொட்டையும்தான். தாகத்துக்கு நல்லது, மரங்கள் இல்லாத உயரத்திலும் கிடைக்கும். கலைமானுக்கு விட்டுவிடலாம் என்பது எங்கள் எண்ணம்.

யூர்ட்ரோன்தான் வடநாட்டின் தங்கம். சதுப்பில் வளரும், ஒரு தண்டுக்கு ஒரே பழம். செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண்பனையில் நுங்கு தேடுவதுபோல, வெள்ளைப் பூ நிறைந்திருந்த சதுப்பில் ஒரு பழம்கூட இல்லாமல் போவது இதனால்தான். இதில் நம் கண் ஏமாறும். மற்ற பல பழங்கள் பழுத்தால் சிவக்கும், இது காயாக இருக்கும்போது சிவப்பு, பழுத்தால் மஞ்சள் கலந்த பொன்னிறம். சிவப்பாகக் கெட்டியாக இருப்பதைப் பறித்தால் புளிப்பும் கொட்டையும்தான் மிச்சம். பழத்தை அணைத்திருக்கும் புல்லி இதழ்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரிந்திருந்தால் தொட்டதும் கையோடு வரும். இழுக்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

லிங்கொன் சிவப்பு, கொத்தாக இருக்கும், இலை தடித்து மினுமினுக்கும், குளிர்காலத்திலும் உதிராது. இலையைத் திருப்பினால் அடியில் கரும்புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளி இல்லாமல், வலைபோல நரம்பு ஓடினால் அது மியூலோன், வாயில் போட்டால் மாவு தின்றதுபோல இருக்கும். லிங்கொனின் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் தேவை. சுவைக்கு உவமை தேடினால் நம் களாக்காய்தான் நினைவுக்கு வரும்.

பிர்ச் காட்டில் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது ஹொன்ஸ்பேரிடம். சாணுக்கும் குறைவான செடி, உச்சியில் இலைகளுக்கு நடுவே சிவப்புப் பழங்கள் கும்பலாக உட்கார்ந்திருக்கும். நஞ்சு இல்லை, ருசியும் இல்லை. நஞ்சுள்ளவை வேறு. நான்கு இலைகள் கூட்டல் குறிபோல விரிய, நட்ட நடுவே ஒரே ஒரு கருநீலப் பழம் நிமிர்ந்து நின்றால் அது ஊர்ம்பேர், பாம்புப் பெர்ரி. நீலப் பெர்ரி என்று குழந்தைகள் வாயில் போடக்கூடியது அது. இரண்டு அகன்ற இலைகளுக்கு நடுவே நீண்ட காம்பில் ஆரஞ்சுச் சிவப்பில் வரிசையாகத் தொங்குபவை லில்லி ஆஃப் தி வேலியின் பழங்கள், இதயத்தைத் தாக்கும். இவற்றை மனப்பாடம் செய்வதைவிட எளிய வழி ஒன்று உண்டு: நீலப் பெர்ரி, லிங்கொன், யூர்ட்ரோன் என்ற மூன்றை மட்டும் இலை, தண்டு, பழம் மூன்றும் பொருந்தினால் பறியுங்கள். நான்காவது எதையும் பசியோடு இருக்கும்போது சோதிக்க வேண்டாம். தவறிப்போய் விழுங்கிவிட்டால் 112-ஐ அழைத்து நச்சுத் தகவல் பிரிவைக் கேட்க வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் பல இடங்களில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

டப்பா, கை, கொசு

ஜிப்லாக் பையில் பறிப்பது பாதிப்பேர் செய்யும் பிழை. ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் அடியில் சாறு தேங்கும், மூன்றாவது கிலோமீட்டரில் பை கசிந்து தூங்கும் பையில் நீலம் படியும். கெட்டியான, திருகுமூடி உள்ள, வாய் அகன்ற ஒரு லிட்டர் பாட்டில்தான் சரி. முதல் ஆறு நாளும் அதில் ஓட்ஸையோ அவலையோ போட்டு வாருங்கள். கடைசி நாள் அது காலியாகிவிடும், தனியாக டப்பா சுமக்க வேண்டியதில்லை. கழுத்தளவு நிரப்பி, காலியிடம் இல்லாமல் ஒரு சுத்தமான துணியை மேலே திணித்து மூடினால் பழம் உள்ளே உருளாது. உருளாத பழம் நசுங்குவதில்லை. பையில் செங்குத்தாக, மேலே, முதுகுப் பக்கம் படாமல் வைக்கவும். முதுகுச் சூடே நீலப் பெர்ரியை அவித்துவிடும்.

சீப்புபோல் பல் வைத்த பறிப்பான் ஸ்வீடன் கடைகளில் கிடைக்கும். வீட்டிலிருந்து காரில் போய் பத்து லிட்டர் பறிப்பவர்களுக்கு அது தேவைதான். நெடுநடைக்காரருக்கு வேண்டாம். கால் கிலோ எடை, பழத்தோடு இலையும் காயும் சேர்ந்து வரும், பொறுக்கும் நேரம் பறிக்கும் நேரத்தை விழுங்கும். கையே போதும். ஒரு கையால் செடியைச் சாய்த்து, மறு கையின் விரல்களை லேசாக மடித்து மாடு கறப்பதுபோல வருடினால் பழுத்தது உள்ளங்கையில் விழும், காய் செடியிலேயே நிற்கும். டப்பாவைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் இரண்டு கையும் விடுதலை.

சருகு நீக்கத் தண்ணீரில் அலசாதீர்கள், ஈரப் பழம் சீக்கிரம் புளிக்கும். காற்றடிக்கும் இடமாகப் பார்த்து, நெல் தூற்றுவதுபோல ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுங்கள், இலை பறந்துவிடும். காற்றில்லையா, நனைத்துப் பிழிந்த துண்டைச் சரிவாகப் பிடித்து அதன்மேல் பழத்தை உருட்டினால் இலை துண்டில் ஒட்டிக்கொள்ளும், பழம் கீழே வந்துவிடும்.

கொசு விரட்டியை உள்ளங்கையால் பூசிவிட்டு அதே கையால் பறித்தால் பழமெல்லாம் மருந்து நாறும், கசக்கும். டீட் என்ற கொசுமருந்து கலந்தது சில வகை பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். முழுக்கைச் சட்டை, தலைவலை போட்டுக்கொண்டு, பின்கழுத்துக்கும் புறங்கைக்கும் மட்டும் குச்சி வடிவ விரட்டியைத் தேய்ப்பது நல்லது. ஆகஸ்டில் கொசு குறைந்தபின் வருவது க்னொட் என்ற பொடிப்பூச்சி, பெரிய கண் வலைக்குள் நுழைந்துவிடும்.

வழிதவறுவதும் பறிக்கும்போதுதான். தலை கவிழ்ந்தபடி செடிக்குச் செடி நகர்ந்து, நிமிர்ந்தால் எல்லாப் பக்கமும் ஒரே பிர்ச் மரம். முதுகுப்பையை எங்கே இறக்கினோம் என்று தேடி ஒரு மணி நேரம் போக்குவது இங்கே புதிதல்ல. பையைப் பாதை ஓரத்திலேயே, ஆரஞ்சு நிற மழையுறை போர்த்தி வையுங்கள். கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடம், ஊதல், மழைச்சட்டை மூன்றும் உடலோடு இருக்கட்டும். பாதையின் ஒரே பக்கத்தில் மட்டும் பறிப்பது என்று வைத்துக்கொண்டால் திரும்பும் திசை தானே தெரியும். சதுப்பில் யூர்ட்ரோன் தேடிப் பலகைப் பாதையை விட்டு இறங்கினால், ஒவ்வொரு அடிக்கும் முன் நடைக்கோலால் குத்திப் பாருங்கள். நனைந்த பலகை பாசிபிடித்த குளத்துப்படிபோல வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

யாருடைய பழம்

யாருடைய நிலத்திலும் நடக்கலாம், ஓரிரவு தங்கலாம், பெர்ரி பறிக்கலாம் என்ற உரிமைக்கு ஸ்வீடனில் அல்லமான்ஸ்ரெட்டன் என்று பெயர். 1994-இல் அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. வீட்டு வளாகத்துக்கும் பயிர் நிலத்துக்கும் அது பொருந்தாது. எல்லை தாண்டி நார்வேக்குள் போனால் விதி மாறும்: நார்வேயின் வடமாகாணங்களில் யூர்ட்ரோன் விளையும் நிலத்தில் உரிமையாளர் பறிக்கத் தடை போடலாம், அப்போதும் அங்கேயே நின்று தின்னத் தடையில்லை. நார்வேயில் வாழும் நம்மவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஸ்வீடனில் சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக ஒரு சதுப்பை வழித்தெடுக்கக் கூடாது. அந்தப் பள்ளத்தாக்கில் கலைமான் வளர்க்கும் சாமி என்ற பழங்குடி மக்களின் குளிர்காலக் கையிருப்பு அது. கலைமான் கூட்டம் குறுக்கே வந்தால் உட்கார்ந்துவிடுங்கள், தானே விலகிப் போகும்.

தின்பது

ஆறு நாள் உலர் உணவு தின்ற வயிறு திடீரென்று அரைக்கிலோ பச்சைப் பழத்தைத் தாங்காது. முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு கைப்பிடி போதும். பேருந்தில் கழிப்பறை இருக்குமா என்று யோசிக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

ஏரிக்கரைச் சாப்பாட்டுக்கு நீலப் பெர்ரிக் கூழ் செய்யலாம். 200 மில்லி பழம், 400 மில்லி தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை போட்டுக் கொதிக்கவிட்டு, பழம் வெடித்ததும் அடுப்பை இறக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு மாவை இரண்டு கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்து, கிளறிக்கொண்டே ஊற்றி, மறுபடி அடுப்பில் வைத்து முதல் குமிழி வந்ததும் அணைத்துவிடுங்கள். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும், நெடுநேரம் கொதித்தால் கெட்டிப்பட்டது மறுபடி நீர்த்துவிடும். கேஸ் தீர்ந்துவிட்டதா? அவலைக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பால்பொடி, சர்க்கரை, ஒரு கைப்பிடி பழம் சேர்த்தால் அடுப்பே வேண்டாம். அங்கே ஓடைத்தண்ணீரை அப்படியே குடிக்கிறார்கள், குடிலுக்கு மேற்பக்கம் எடுத்தால் போதும்.

வீட்டுக்குக் கொண்டுபோக லிங்கொன் ஏற்றது. அதில் இயற்கையாகவே பென்சோயிக் அமிலம் இருப்பதால் சீக்கிரம் கெடாது, வழியில் சர்க்கரைகூட வேண்டாம். யூர்ட்ரோனிலும் அது உண்டு, ஆனால் பழம் குழைவு, குலுங்கினால் சாறாகிவிடும். லிங்கொனில் உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி ஒரு நாள் ஊறவிட்டால் தயிர்ச்சோற்றுக்குக் களாக்காய் ஊறுகாய் இல்லாத குறை தெரியாது. நீலப் பெர்ரியை அன்றிரவே தின்றுவிடுங்கள், அல்லது கிருணாவில் தங்கும் இடத்தின் உறைபெட்டியில் வையுங்கள்.

சட்டையில் நீலக் கறை பட்டால் முதலில் சோப்பு போடாதீர்கள், கறை கருநீலமாகத் திரும்பும். எலுமிச்சைச் சாறு தேய்த்து, துணியைப் பாத்திரத்தின் வாயில் விறைப்பாகக் கட்டி, கொதிநீரை ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பருத்திக்குத்தான் இது. கம்பளி உள்ளாடைக்கு எலுமிச்சையும் வெதுவெதுப்பான தண்ணீரும் மட்டும், இல்லாவிட்டால் கறை போகும்போது சட்டையும் சுருங்கிவிடும்.